நீரில் மூழ்கிய டிராக்டரை உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் பல ஊர்களில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வெள்ளத்தில் நின்ற டிராக்டரைச் சுற்றி நாலு பேர் கூடியிருப்பார்கள். மேலாகச் சேற்றைத் துடைத்துவிட்டு ஒருவர் சாவியைத் திருப்புவார். செல்ப் மோட்டார் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். உடனே இன்னொருவர், "பாட்டரி இறங்கியிருக்கும், வேறு வண்டியில் கட்டி இழுத்தால் தானே எடுக்கும்" என்பார். சங்கிலி கட்டி, கியரில் போட்டு இழுப்பார்கள். ஒரு குலுக்கல்; என்ஜினுக்குள் ஏதோ முறியும் ஓசை. ஆயிலும் பில்டரும் மாற்றிச் சுத்தம் செய்தால் ஓடியிருக்கக் கூடிய வண்டி, அந்த ஒரு நிமிடத்தில் என்ஜின் இறக்க வேண்டிய வண்டியாகி விடுகிறது. வங்கித் தவணை பாக்கியிருக்கும் சிறு விவசாயிக்கு இது தாங்கக்கூடிய அடியல்ல.

வெள்ளம் செய்த சேதத்தைவிட, வெள்ளம் வடிந்தபின் அவசரத்தால் விளையும் சேதமே பல நேரங்களில் பெரிதாக இருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் ஆற்றில் இறங்கிய வண்டி மட்டுமல்ல, கொட்டகையில் நின்ற வண்டியும் மூழ்கத்தான் செய்யும். ஆகவே டிராக்டர், பவர் டில்லர் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நலம். வண்டியைத் தண்ணீரிலும் சேற்றிலும் கவிழ்க்காமல் ஓட்டுவது ஒன்று. மூழ்கிவிட்ட வண்டியை மீட்பது மற்றொன்று. வண்டியைவிட உயிர் பெரிது என்பதால் முன்னதை முதலில் பார்க்கலாம்.

கரையும் வரப்பும்

தார்ச்சாலை கனத்தைத் தாங்குவதற்காகப் போடப்பட்டது. வாய்க்கால் கரையும் ஏரிக்கரை ஓரமும் அப்படியல்ல. கோடையில் கல் மாதிரி இருக்கும் கரை, இரண்டு மழைக்குப் பின் உள்ளே ஊறிப் போயிருக்கும். மேலே புல் முளைத்துப் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஒரு பக்கச் சக்கரம் விளிம்பை நெருங்கியதும் மண் சரிந்து வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும்.

இதற்கு எளிதான கணக்கு ஒன்று உண்டு. பள்ளம் எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி விளிம்பிலிருந்து தள்ளிச் சக்கரம் போக வேண்டும். ஆறடி ஆழ வாய்க்கால் என்றால் ஆறடி தள்ளி. கரை அவ்வளவு அகலம் இல்லையென்றால், அது டிராக்டர் போகும் வழியல்ல. மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகத் தள்ளிப் போவதே நல்லது.

சரிவில் குறுக்காக ஓட்டக் கூடாது. நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதித்தோ நியூட்ரலில் போட்டோ வண்டியை விடுவது பெருந்தவறு. பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினால் பிரேக் மட்டும் அதை நிறுத்தாது. இறங்குவதற்கு முன்பே கீழ்க் கியருக்கு மாற்றிக்கொண்டு, என்ஜின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும்.

டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வயலில் சுலபமாகத் திரும்புவதற்காக அவற்றைப் பிரித்து வைத்து ஓட்டுவார்கள். வயலை விட்டு வெளியே வந்ததும் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். மறந்துவிட்டு, வேகமாக வரும்போது ஒரு மிதியை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி சுழன்று கவிழும். பொழுது சாயும் நேரத்தில், வேலை முடிந்து வீடு திரும்பும் அவசரத்தில்தான் இந்த மறதி வருகிறது.

மட்கார்டின் மேல் ஆளை ஏற்றுவது, பிள்ளைகளை மடியில் வைத்துக் கொண்டு ஓட்டுவது இரண்டையும் விட்டுவிட வேண்டும். டிராக்டரில் ஓட்டுபவருக்கு மட்டுமே இருக்கை உண்டு. ஒரு சின்ன வரப்பில் சக்கரம் ஏறி இறங்கினால் போதும், மட்கார்டில் உட்கார்ந்தவர் பின்சக்கரத்துக்கு அடியில்தான் விழுவார்.

சேற்றில் மாட்டிக்கொண்டால்

தொளி உழவின்போது பின்சக்கரம் புதைந்து போவது சகஜம். அப்போது சக்கரத்தின் குறுக்கே மரக்கட்டையை வைத்துச் சங்கிலியால் கட்டி, முன்னோக்கி எடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 'எப்போதும் இப்படித்தான் எடுப்போம்' என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். இது உயிரைப் பறிக்கும் வழக்கம். சக்கரம் சுழல முடியாமல் கட்டை தடுத்துவிட்டால், என்ஜினின் சக்தி முழுவதும் அச்சைச் சுற்றி வண்டியின் உடலைத் தூக்கும். முன்பக்கம் அப்படியே எழும்பிப் பின்னால் மல்லாந்து, ஓட்டுபவர் மேல் விழும். முன்சக்கரம் தூக்கத் தொடங்கியதிலிருந்து திரும்ப இறக்க முடியாத நிலைக்குப் போக ஏறக்குறைய முக்கால் விநாடிதான் ஆகும். 'தூக்குகிறதே, கிளட்சை மிதிப்போம்' என்று நினைத்துக் கால் நகர்வதற்குள் காரியம் முடிந்து போகும்.

புதைந்த வண்டியை முதலில் ரிவர்சில் எடுத்துப் பார்க்க வேண்டும். ரிவர்சில் முன்பக்கம் எழும்பாது. வந்த தடமும் ஓரளவு கெட்டியாக இருக்கும். முடியாவிட்டால் பாரத்தை இறக்கி, பின்னாலுள்ள கருவியைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழன்றால் டிஃபரன்ஷியல் லாக்கைப் பயன்படுத்தலாம். ஆனால் சக்கரம் நின்றிருக்கும் போதுதான் அதைப் போட வேண்டும். போட்டபின் ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது.

இன்னொரு டிராக்டரால் இழுப்பதாயிருந்தால், இழுக்கும் வண்டியில் சங்கிலியைத் தாழ்வாக உள்ள டிரா பாரில் மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, பின் அச்சுக்கு மேலேயோ மாட்டினால் உதவிக்கு வந்த வண்டியே பின்னால் மல்லாந்துவிடும். வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல இறுக்க வேண்டும். அறுந்த சங்கிலி சாட்டை போல் அடிக்கும். அதன் நீளத்துக்குள் வேடிக்கை பார்ப்பவர் ஒருவரும் நிற்கக் கூடாது.

பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. சமதளத்தில் இடது ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் அதே கிளட்சைப் பிடித்தால் வலது பக்கம் திரும்பிவிடும். காரணம், இறக்கத்தில் என்ஜின் இரண்டு சக்கரங்களையும் பிடித்து நிறுத்திக் கொண்டிருக்கிறது. இடது பக்கம் பிடிப்பு விட்டதும் அந்தச் சக்கரம் வேகமாக உருண்டு முன்னே போகிறது. புதிதாக ஓட்டுபவர் ஆற்றங்கரைச் சரிவில் இதை அறியாமல், திரும்ப வேண்டிய பக்கத்தை விட்டு நேர் எதிராகத் தண்ணீருக்குள் போய்விடுவார். இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியை உடல் பலத்தால் தள்ளித் திருப்ப வேண்டும். ரிவர்சில் வரும்போது முதுகுக்குப் பின்னால் மரமோ சுவரோ வரப்போ இருக்கிறதா என்று பார்த்துக் கொள்வதும் அவசியம்; கைப்பிடி மார்பில் அழுத்தி ஆளை நசுக்கிவிடும்.

வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. ஸ்வீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். பண்ணைகளில் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் இதுபோன்ற காப்புச் சட்டம் கட்டாயம். இந்தச் சட்டம் உள்ள டிராக்டரில் சீட் பெல்ட் கட்டிக் கொள்ள வேண்டும். இல்லாத டிராக்டரில் கட்டக் கூடாது. புது வண்டி வாங்குவோர் மேற்கூரைக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம். நிழலுக்குப் போடும் தகரக் கூரை கவிழும் வண்டியைத் தாங்காது.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர்

"டிராக்டர் கனமான வண்டி, முழங்கால் தண்ணீர் என்ன செய்யும்?" என்ற நம்பிக்கையில்தான் பலர் தரைப்பாலத்தில் இறங்குகிறார்கள். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு கனம் அதற்குக் குறையும். டிராக்டரின் பெரிய பின்டயர்கள் காற்று நிரம்பியவை. தண்ணீர் ஏற ஏற அவை மிதவைகளாகி, தரையைப் பிடிக்கும் பிடிப்பை இழக்கின்றன. டிரெய்லர் இன்னும் மோசம். பத்தடி நீளம், ஆறடி அகலமுள்ள காலி டிரெய்லரின் தொட்டி தண்ணீரில் ஓரடி அமிழ்ந்தால் 60 கன அடி தண்ணீரை விலக்கும். ஒரு கன அடி தண்ணீரின் எடை சுமார் 28 கிலோ. ஆக ஏறக்குறைய 1,700 கிலோ கனம் குறைகிறது. பலகை இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே புகும் வரை அது படகுதான். அந்தப் படகைப் பக்கவாட்டில் ஆறு தள்ளுகிறது. கொக்கியில் மாட்டியிருக்கும் டிராக்டரையும் அது சேர்த்து இழுத்துப் போகும்.

ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் கடந்த அதே பாலத்தை, அதே ஆழத் தண்ணீரில், மாலையில் கடக்க முடியாமல் போவது இதனால்தான். செந்நிறத் தண்ணீருக்கு அடியில் பாலத்தின் ஓரம் தெரியாது. நடுவில் அரித்துப் போயிருந்தாலும் தெரியாது. ஓடும் தண்ணீர் பாலத்தை மூடியிருந்தால் இறங்காமல் காத்திருப்பது ஒன்றே வழி. முன்னே ஒரு வண்டி போய்விட்டது என்பது சாட்சியாகாது.

வயல்வெளியில் ஓட்டமில்லாமல் தேங்கிய தண்ணீர் வேறு. அதில் போக வேண்டியிருந்தால், நீண்ட கழியால் ஆழமும் அடிமண்ணும் பார்த்துக் கொள்ள வேண்டும். கீழ்க் கியரில், ஒரே சீரான வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல் போக வேண்டும். பேன் தண்ணீரைத் தொடும் ஆழமென்றால் போகக் கூடாது. பேன் வாரி இறைக்கும் தண்ணீர் ஏர் கிளீனர் வழியே என்ஜினுக்குள் போகும். இடையில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இறங்கிவிட வேண்டும்.

ஏன் ஸ்டார்ட் செய்யக் கூடாது?

டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலேறும்போது காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் தீப்பிடிக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மூன்று சிலிண்டரும் சேர்ந்து 2,500 சி.சி. கொண்ட டிராக்டர் ஒன்றை எடுத்துக் கொண்டால், பிஸ்டன் உச்சிக்குப் போனபின் ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் சுமார் 50 சி.சி.தான். சின்னத் தேநீர்க் குவளையில் பாதி! அதற்கு மேல் ஒரு சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டன் பாறையில் மோதியது போல நிற்கும். பின்னாலிருந்து வரும் விசைக்குப் போக வழியில்லை. கனெக்டிங் ராடு வளையும். ஹெட் கேஸ்கெட் கிழியும். சில வேளை கிராங்க் ஷாப்டே முறியும்.

செல்ப் மோட்டார் சுற்றுவதே ஆபத்து என்றால், வேறு வண்டியால் கட்டி இழுப்பது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. இழுக்கும் டிராக்டரின் முழுப் பலமும் அந்தச் சின்ன ராடின் மேல் இறங்குகிறது. ராடு கொஞ்சமாக வளைந்தால் இன்னும் தொல்லை. அப்போதைக்கு வண்டி ஓடும். உழவுப் பருவத்தின் நடுவில், பாரம் இழுக்கும் போது உடைந்து என்ஜின் பிளாக்கையே குத்திக் கிழிக்கும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

சாவியை எடுத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். ஆர்வக் கோளாறில் யாராவது திருப்பிப் பார்க்காமல் இருக்க இதுவே வழி. அடுத்து பாட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றி, பிறகு மற்றதையும் கழற்ற வேண்டும். சீட்டுக்கு அடியிலும், டூல் பெட்டியிலும், பானெட்டுக்குள்ளும் கையை விடுமுன் கழியால் தட்டிப் பார்ப்பது அவசியம். வெள்ளத்தில் ஒதுங்கும் பாம்புக்கு அவை நல்ல புகலிடம்.

கழுவுவதற்கு முன்பே தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று சேற்றுக் கோட்டைப் பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும். வேலை எவ்வளவு என்பதை அந்தக் கோடுதான் சொல்லும். அச்சு வரை என்றால் சக்கர ஹப், பிரேக், கிளட்ச் பெட்டி. டிப் ஸ்டிக் மட்டம் வரை என்றால் என்ஜின் ஆயிலும் கெட்டிருக்கும். ஏர் கிளீனர் வாய்க்கு மேல் என்றால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் இருப்பதாகவே கொள்ள வேண்டும். டீசல் டாங்க் மூடிக்கு மேல் என்றால் டீசலும் சேர்ந்து கெட்டது. இன்சூரன்ஸ் இருந்தால் வண்டியை நகர்த்துமுன், சேற்றுக் கோடு தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் கொடுப்பது நல்லது. தண்ணீரில் நின்ற என்ஜினைச் சுற்றியதால் வந்த சேதம் என்று சொல்லித் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு இடமுண்டு. ஸ்டார்ட் செய்யாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டியை நகர்த்தும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். மேட்டுக்குக் கொண்டு வருவதற்கு மட்டும் இழுக்கலாம். கியர் பாக்ஸில் தண்ணீரோடு மைல் கணக்கில் பட்டறைக்கு இழுத்துச் செல்லக் கூடாது. மெக்கானிக்கை வண்டியிடம் கூட்டி வருவதே மேல்.

சேறு காயுமுன் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புத் தண்ணீர் பட்ட வண்டியானால் அன்றே கழுவுவது கட்டாயம். ரேடியேட்டரைப் பேன் பக்கமிருந்து வெளிநோக்கிக் கழுவினால் இடுக்கில் அடைந்த சேறு வெளியேறும். வேகமான பீய்ச்சலை ஆயில் சீல்களின் மேலும், பிரீதர் துளைகளின் மேலும் காட்டக் கூடாது.

ஆயில், சிலிண்டர், டீசல்

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் உயர்ந்திருக்கும். என்ஜின் ஓடாமல் இருந்திருந்தால் தண்ணீர் அடியிலும் ஆயில் மேலேயும் தனித்தனியாக நிற்கும். டிரெயின் போல்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் மட்டும் வரும். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால், தண்ணீரோடு யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எப்படி இருந்தாலும் முழுவதையும் இறக்கிவிட்டு ஆயில் பில்டரையும் மாற்ற வேண்டும். பல டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். அளவு அதிகம், விலையும் அதிகம் என்பதால் 'அப்புறம் மாற்றலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங்கும் ஹைட்ராலிக் பம்பும் அந்த 'அப்புறம்' வரை காத்திருப்பதில்லை.

ஏர் கிளீனர் ஆயில் கிண்ணம் உள்ளதானால் கழற்றி டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்றிக் கொள்ளலாம். காகித எலிமென்ட் நனைந்தால் காய வைத்துப் பயனில்லை, எறிந்துவிட வேண்டும். ஏர் கிளீனருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே ஈரமோ வண்டலோ இருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போனது உறுதி.

சிலிண்டரைச் சுத்தம் செய்வதுதான் முக்கியமான வேலை. நாஸில்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய டீசல் குழாய்களின் வாயைத் தூசி புகாமல் மூடி வைக்க வேண்டும். பிறகு முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பானர் மாட்டி, கையால் மெல்லச் சுற்றினால் தண்ணீர் நாஸில் துளை வழியே பீறிட்டு வரும். முகத்தை அதற்கு நேரே வைக்கக் கூடாது. சுற்றும்போது எங்காவது பிடித்தால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே முறை. தண்ணீர் முழுவதும் வந்தபின் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று கரண்டி சுத்தமான என்ஜின் ஆயில் விட்டு, பல சுற்றுகள் கையால் சுற்ற வேண்டும்.

இந்த வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டதுமே உட்சுவரில் துரு பிடிக்கத் தொடங்கும். சில நாட்களில் ரிங்குகள் லைனரோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளக் காலத்தில் மெக்கானிக் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார் என்றால், நாஸிலைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி ஆயில் விடும் வேலையையாவது கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்துவிட வேண்டும். மற்றவை காத்திருக்கலாம்.

டீசல் டாங்கை முழுவதும் இறக்க வேண்டும். தண்ணீர் டீசலுக்கு அடியில் நிற்பதால் மேலாகப் பார்த்து ஏமாறக் கூடாது. டீசல் பில்டர்கள் புதிதாக வேண்டும். டீசல் பம்பை மட்டும் பட்டறையிலோ வீட்டிலோ பிரிக்கவே கூடாது. அதன் பிளஞ்சருக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஒரு துளி தண்ணீரும் ஒரு துகள் மண்ணும் அதைப் பாழாக்கப் போதும். பம்பு வேலைக்கென்று உள்ள கடையில் கொடுத்து, டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நாஸில் சரியாகத் தெளிக்கிறதா என்று உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல்தான் தெரியும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

மற்ற பாகங்கள்

கிளட்ச் பெட்டியின் அடியிலுள்ள துளையைத் திறந்து தண்ணீரை விட வேண்டும். கிளட்ச் பிளேட் துருவேறி பிளைவீலோடு ஒட்டாமல் இருக்க, மிதியை அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்துக் காய விடலாம். செல்ப் மோட்டாரையும் டைனமோவையும் கழற்றி எலெக்ட்ரீஷியனிடம் கொடுக்க வேண்டும். நெருப்பில் காட்டி உலர்த்தக் கூடாது. அண்மையில் வந்துள்ள சில டிராக்டர்களில் டீசல் அளவை எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று கட்டுப்படுத்துகிறது. அத்தகைய வண்டியைக் கம்பெனி மெக்கானிக் வராமல் தொடவே வேண்டாம். முன்சக்கர ஹப்புகளைப் பிரித்து பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். மற்ற நிப்பிள்களில் பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே வரும் வரை அடிக்க வேண்டும்.

பவர் டில்லருக்கும் டீசல் பம்பு செட்டுக்கும் இதே முறைதான். ஒற்றைச் சிலிண்டர் என்பதால் வேலை குறைவு. மொபெட், மோட்டார் சைக்கிளில் நாஸிலுக்குப் பதில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

முதல் ஓட்டம்

எல்லாம் பூட்டியபின் என்ஜினுக்கு ஊற்றும் முதல் ஆயில் கழுவுவதற்கான ஆயில் என்றே கருத வேண்டும். தரமானதாக, ஆனால் விலை குறைந்ததாக இருந்தால் போதும். டீசல் லைனில் காற்றை எடுத்துவிட்டு, பாரமில்லாமல், குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆனதுமே ஆயில் பிரஷர் காட்டும் கருவியைப் பார்க்க வேண்டும். முள் எழும்பாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். சிறிது நேரம் வெண்புகை வருவது சைலன்ஸரில் தங்கிய தண்ணீர்தான், பயமில்லை. உள்ளே தட்டும் சத்தம் கேட்டால்தான் பயம். அதோடு ஓட்டக் கூடாது.

நிறுத்தி ஆயிலைப் பார்த்தால் கொஞ்சம் வெளுத்திருக்கும். இறக்கிவிட்டு மறுபடி ஊற்றி ஓட்ட வேண்டும். நிறம் மாறாமல் வரும் வரை இரண்டு அல்லது மூன்று தடவை ஆகலாம். கியர் ஆயிலும் அப்படியே. கடைசியாக நல்ல ஆயில் நிரப்பி, 25 மணி நேர வேலைக்குப் பின் இன்னொரு முறை மாற்றிவிட்டால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. இறக்கிய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் டின்னில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

மழைக்கு முன்

புயல் அறிவிப்பு வந்ததும் வண்டியை ஊரிலுள்ள மேடான இடத்துக்குக் கொண்டு போய்விடுவதே நல்லது. கோயில் திடலோ பள்ளிக்கூட மைதானமோ எதுவானாலும் சரி. டாங்க் நிறைய டீசல் இருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். நகர்த்த முடியாத நிலையில், பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். சைலன்ஸர் வாய், ஏர் கிளீனர் வாய், டிப் ஸ்டிக், ஆயில் மூடி, டீசல் மூடி ஆகியவற்றைத் தடித்த பாலிதீன் பையால் மூடி, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிக் கட்ட வேண்டும். எத்தனை இடத்தில் கட்டினோம் என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் தொங்கவிட்டு, ஸ்டார்ட் செய்யுமுன் அத்தனையையும் எண்ணி அவிழ்க்க வேண்டும்.